புள்ளி எங்கே விழுகிறது: திரை எழுத்தின் தெளிவு குறித்துச் சில கருத்துகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம். அரங்கில் படங்களாகக் காட்டியவற்றுக்கு ஈடாகச் சில இடங்களில் விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது.)



தமிழ்த்துறை நடத்தும் அறக்கட்டளைச் சொற்பொழிவில் கணினித் திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னபோது, "இது கணினிக்காரர்கள் சமாச்சாரம் ஆயிற்றே" என்று இத்துறை நண்பர் ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு விடையாக ஒரு சிறு கதையோடு தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி மாநாட்டு மலருக்கு மெய்ப்புப் பார்த்தேன். தாளில் எடுத்துப் பார்க்க நேரமில்லை. முழுவதையும் திரையிலேயே படித்து முடித்தேன். மலர் அச்சாகி வந்தது. நடுப்பக்கக் கட்டுரை ஒன்றில் ‘கல்வி’ என்ற சொல்லில் ஒரு புள்ளி இல்லை. புள்ளி போனால் அந்தச் சொல் என்ன ஆகும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிழை என்னுடையதுதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. அதே கோப்பை அதே கணினியில் திறந்து, திரையைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற இடங்களில் சரியாக இருந்த புள்ளிகளில் பல, புள்ளியாகவே தெரியவில்லை. நான்கு வெளிறிய சாம்பல் சதுரங்கள், அவ்வளவுதான். இருந்த புள்ளிக்கும் இல்லாத புள்ளிக்கும் என் கண் வேறுபாடு காணாததில் வியப்பில்லை. பழக்கத்தால் எல்லா இடத்திலும் மனமே புள்ளி வைத்துக்கொண்டு போயிருக்கிறது.

அந்த நான்கு சாம்பல் சதுரங்கள் எப்படி வந்தன என்று தேடிப் போனதன் விளைவே இந்த உரை. இதில் நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். திரையில் எழுத்தின் தெளிவு தானாக அமைவதில்லை. அது ஒரு தீர்ப்பு. வரைந்தவர் மனத்தில் இருந்த வடிவத்துக்கு விசுவாசமாக இருப்பதா, திரையின் கட்டங்களுக்கு விசுவாசமாக இருப்பதா என்று ஒவ்வோர் எழுத்துக்கும், ஒவ்வோர் அளவுக்கும் தீர்ப்புச் சொல்லப்படுகிறது. தமிழ் எழுத்துக்கான தீர்ப்பைத் தமிழ் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இதை ஆறு கருத்துகளாகப் பகுத்துச் சொல்கிறேன்.

1. கோரைப்பாயில் பெயர் எழுதுகிறவர் சந்திக்கும் சிக்கல்

பத்தமடைப் பாயை அறிந்திருப்பீர்கள். திருமணத்துக்கு நெய்யும் பாயில் மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்வார்கள். பாய் நெய்கிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் இடத்தில் சாயக்கோரை மேலே தெரியும், அல்லது தெரியாது. பாதிக் கோரையை மேலே விட முடியாது. ‘வ’ எழுத்தின் வளைவைப் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். தேர்ந்த கை, வளைவை எந்தப் படியில் வெட்டினால் ‘வ’ என்று கண் ஏற்கும் என்று பார்த்து அங்கே வெட்டும்.

கணினித் திரையும் இப்படிப்பட்ட பாய்தான். கோரைக்குப் பதில் பிக்சல். ஆனால் இன்றைய எழுத்துருக் கோப்பில் பிக்சல் எதுவும் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் வெளிக்கோடு மட்டும் இருக்கிறது; வளைகோடுகளின் முனைகள் எண்களாகப் பதிந்துள்ளன. ட்ரூடைப் என்னும் வகை எழுத்துருக்களில் எழுத்தின் முழு உயரச் சதுரத்தைப் பெரும்பாலும் 2048 அலகுகளாகப் பிரித்து வரைகிறார்கள். வரைகிறவருக்கு 2048 படிகள். திரை தருவது எத்தனை?

கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளியளவு. விண்டோஸ் வழக்கப்படி ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். எனவே 10 புள்ளியளவு எழுத்துக்குத் திரையில் கிடைப்பது ஏறத்தாழ 13 பிக்சல். அதே எழுத்துக்கு, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் லேசர் அச்சுப்பொறி 83 புள்ளிகள் தருகிறது. 2048 படிகளில் வரைந்ததை 13 படிகளில் சொல்ல வேண்டும். அந்த 13க்குள்தான் விலங்குச் சுழியும், உடலும், ‘கூ’வின் வாலும், மேலே புள்ளியும் அடங்க வேண்டும்.

எளிய விதி ஒன்று உண்டு: பிக்சலின் நடுப்பகுதி வெளிக்கோட்டுக்குள் விழுந்தால் அதைக் கறுப்பாக்கு, இல்லையேல் விட்டுவிடு. இந்த விதியை ‘ப’ எழுத்தில் வைத்துப் பாருங்கள். இரு கால்களும் ஒரே தடிமன், 1.4 பிக்சல் என்று கொள்வோம். இடக்கால் விழுந்த இடத்தில் ஒரு பிக்சல் நடு அகப்படும். வலக்கால் விழுந்த இடத்தில் இரண்டு அகப்படும். ஒரு கால் மெலிந்து, ஒரு கால் இருமடங்கு தடித்து ‘ப’ நொண்டும். வரைந்தவரிடமும் குற்றமில்லை, திரையிடமும் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததே குறை.

2. ஹிண்டிங்: கட்டத்தின் பக்கம் சொல்லும் தீர்ப்பு

உலோக எழுத்துக் காலத்தில் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு இருந்தது. ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியே செதுக்கி வார்த்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. அவற்றால் விவிலியத்தை அச்சிடக் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. சிறிய எழுத்து, பெரிய எழுத்தின் குறுக்கிய நகலாக இருக்க முடியாது. சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளாமல் வெளி விட வேண்டும். மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிக்கச் செய்ய வேண்டும். அளவுக்கு அளவு ஒரு கைவினைஞரின் தீர்ப்பு இருந்தது.

கணினியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷின் திரை 512க்கு 342 பிக்சல். அதன் எழுத்துருக்களை சூசன் கேர் பிக்சல் பிக்சலாக, ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வரைந்தார். ஒரே வெளிக்கோட்டை எல்லா அளவுக்கும் நீட்டிக் குறுக்கும் முறை பரவியபோதுதான் அளவுக்கு அளவு சொல்லப்பட்ட தீர்ப்பு காணாமல் போனது. அதை மீட்டுக்கொள்ளக் கண்ட வழியே ஹிண்டிங். எழுத்துருவுக்குள் ஒளித்து வைக்கும் குறிப்புகள் என்று பொருள் கொள்ளலாம்.

குறிப்பு எழுதுவதில் இரு மரபுகள் உண்டு. அடோபியின் டைப் 1 எழுத்துருக்கள் செய்தியை மட்டும் சொல்கின்றன. ‘இது தண்டு; இதன் தடிமன் இவ்வளவு; இந்த உயரத்தில் எழுத்துகளின் தலைகள் ஒரு வரிசையில் நிற்க வேண்டும்’ என்பதோடு நிற்கும். என்ன செய்வது என்பதை எழுத்தை வரையும் மென்பொருள் தீர்மானிக்கும். இந்த முறையை அடோபி பல ஆண்டுகள் மறைவாக வைத்திருந்து 1990இல்தான் வெளியிட்டது. அடோபியின் பிடியிலிருந்து விலக ஆப்பிள் உருவாக்கியதே ட்ரூடைப். அதை வடிவமைத்த பொறியாளர் சாம்போ காசிலா. 1991இல் ஆப்பிள் கணினிகளிலும், 1992இல் விண்டோஸ் 3.1இலும் அது வந்தது.

ட்ரூடைப்பில் குறிப்பு செய்தியாக நிற்பதில்லை, கட்டளையாக வருகிறது. ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு சிறு நிரல் இருக்கிறது. ‘இந்த முனையைப் பக்கத்துக் கட்டக் கோட்டுக்கு நகர்த்து, அந்த முனையை இதிலிருந்து இத்தனை தொலைவில் வை, 13 பிக்சல் அளவில் மட்டும் இதை ஒரு பிக்சல் மேலே தள்ளு’ என்றெல்லாம் அதில் எழுதலாம். அதாவது 13க்கு ஒரு தீர்ப்பு, 14க்கு வேறொரு தீர்ப்பு. ‘ப’வின் இரு கால்களும் ஒரே தடிமன் என்று ஒரு கட்டளை போட்டால் நொண்டல் போய்விடும். தரங்கம்பாடி வார்ப்பாளரின் வேலையை இந்தச் சிறு நிரல் செய்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: அதை எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். எழுத்து எழுத்தாக, அளவு அளவாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

இந்த வேலையின் உச்சம் என்று நான் கருதுவது, மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996இல் வெளிவந்த வெர்டானா. கார்ட்டர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் சில அளவுகளுக்குப் பிக்சல் எழுத்துகளை வரைந்து, அவை கண்ணுக்குப் பிடிபட்ட பின் அவற்றைச் சுற்றி வெளிக்கோடு அமைத்தார். பின்னர் டாம் ரிக்னர் ஹிண்டிங் எழுதி, அந்தப் பிக்சல் வடிவங்களுக்கே வெளிக்கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். திரைக்கான எழுத்தைத் திரையிலிருந்தே தொடங்கினார்கள்.

3. ஆன்டி-அலையாசிங்: வடிவத்தின் பக்கம் சொல்லும் தீர்ப்பு

பாய் நெய்கிறவருக்குப் பாதிக் கோரை கிடையாது. ஆனால் திரைக்குப் பாதி வெளிச்சம் உண்டு. பிக்சலின் எத்தனை பங்கை எழுத்து மூடுகிறதோ அத்தனை பங்கு கறுப்பைக் கொடு என்பதே ஆன்டி-அலையாசிங். கால்பங்கு மூடினால் இளஞ்சாம்பல், முக்கால்பங்கு மூடினால் கருஞ்சாம்பல். சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும் கண், சாம்பலைச் சாம்பலாகப் பார்க்காமல் கோட்டின் விளிம்பு அங்கே எங்கோ நடுவில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. படிக்கட்டுப் போன்ற வளைவு வழவழப்பாகிறது.

இந்த எண்ணம் பழையது. பின்னாளில் அடோபியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், சாம்பல் படிநிலைகளால் எழுத்துகளைக் காட்டுவது பற்றி 1980லேயே ஆய்வுரை வெளியிட்டார். 1980களின் இறுதியில் பிரிட்டனின் ஏகான் கணினிகளில் இது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்த படி நுட்பமானது. வண்ணத் திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கம்பக்கமாக நிற்கும் மூன்று பட்டைகள். அவற்றைத் தனித்தனியே ஆண்டால் கிடைமட்டத்தில் துல்லியம் மும்மடங்காகும். 1998இல் பில் கேட்ஸ் அறிவித்த கிளியர்டைப் இதைத்தான் செய்தது. விளிம்பில் வண்ணக் கசிவு தெரியாமலிருக்க, ஒவ்வொரு பட்டையின் அளவையும் அக்கம்பக்கப் பட்டைகளோடு பகிர்ந்து கலக்கினார்கள். 2001இன் விண்டோஸ் எக்ஸ்பியில் அது இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. விஸ்டாவில்தான் இயல்பு நிலையாயிற்று.

ஆன்டி-அலையாசிங்குக்கும் விலை உண்டு. கூர்மை போய்விடுகிறது. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு கட்டத்தில் சரியாக அமர்ந்தால் கன்னங்கரேலென்று நிற்கும். அரைப் பிக்சல் தள்ளி விழுந்தால் இரு பிக்சல் அகல அரைச்சாம்பலாகக் கரையும். ஹிண்டிங் வடிவத்தைக் கொடுத்துக் கூர்மையை வாங்குகிறது. ஆன்டி-அலையாசிங் கூர்மையைக் கொடுத்து வடிவத்தை வாங்குகிறது. இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதுதான் வழக்கு.

4. ஒரே வழக்கு, வெவ்வேறு நீதிமன்றங்கள்

ஒரே எழுத்துரு விண்டோஸில் ஒருவிதமாகவும் மேக்கில் வேறுவிதமாகவும் தெரிவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். மேக் ஹிண்டிங்கைப் பொருட்படுத்துவதில்லை. வடிவம் அச்சில் எப்படியோ அப்படியே திரையிலும் வரட்டும், சற்று மங்கினாலும் சரி என்கிறது. 1985இல் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியோடு மேசைப் பதிப்பகத் தொழிலைத் தொடங்கி வைத்த நிறுவனம் அப்படி நினைப்பது இயல்பு. விண்டோஸ், நாள் முழுவதும் அலுவலகத் திரையில் படிக்கிறவரை முன்னிறுத்தியது. கோடு கட்டத்தில் அமரட்டும், வடிவம் சற்றுக் கோணினாலும் சரி என்றது. இரண்டும் நியாயமான தீர்ப்புகள். ஒன்றுக்குப் பழகிய கண்ணுக்கு மற்றது குறையாகத் தெரிகிறது.

தீர்ப்பின் விளைவு எழுத்தோடு நிற்பதில்லை, வரியையும் தொடுகிறது. ஓர் எழுத்தின் அகலம் 7.4 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குப் பணிந்தால் அது 7 ஆகும். அறுபது எழுத்து வரியில் 24 பிக்சல் குறைந்துவிடும். திரையில் ஓரிடத்தில் மடங்கிய வரி அச்சில் வேறிடத்தில் மடங்கும். நீண்ட சொற்கள் நிறைந்த தமிழில் ஒரு வரி மடங்கும் இடம் மாறினால் பத்தியே மாறிப்போவதைப் பக்கம் அமைப்பவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது நீதிமன்றம் லினக்ஸ். அங்கே எழுத்தை வரையும் ஃப்ரீடைப் நூலகம், ட்ரூடைப் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதியை நெடுங்காலம் இயல்பாக முடக்கியே வைத்திருந்தது. காரணம் தொழில்நுட்பமன்று, காப்புரிமை. ஆப்பிளின் உரிமைகள் 2010இல் காலாவதியான பின்பே அது திறக்கப்பட்டது. அதுவரை, எழுத்தின் தண்டுகளைத் தானே தேடிக் கண்டுபிடித்துக் கட்டத்தில் நிறுத்தும் தானியங்கி முறையை நம்பினார்கள். கிளியர்டைப் முறையின் காப்புரிமைகள் 2019 வரை நீடித்தன. சட்டப் புத்தகமும் எழுத்தின் விளிம்பைத் திருத்தியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

5. தமிழில் பொருள் எங்கே தங்கியிருக்கிறது

இனி நம் வழக்குக்கு வருகிறேன். மாநாட்டு மலரின் புள்ளியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் எழுத்துருவில் புள்ளியின் விட்டம் 2048இல் 200 அலகு என்று கொள்வோம். 13 பிக்சல் அளவில் அது 1.27 பிக்சல். இந்தச் சிறு வட்டம் ஒரு பிக்சலின் நடுவில் சரியாக விழுந்தால், அந்தப் பிக்சலில் 98 விழுக்காடு மூடப்படும். சுற்றியுள்ள நான்கில் தலைக்கு 7 விழுக்காடுதான் சிந்தும். கறுத்த, திட்டமான புள்ளி. அதே வட்டம் அரைப் பிக்சல் தள்ளி, நான்கு பிக்சல்கள் கூடும் மூலையில் விழுந்தால்? நான்குக்கும் 32 விழுக்காடு வீதம் பங்கு. நான் பார்த்த நான்கு சாம்பல் சதுரங்கள் இவைதாம். ஆன்டி-அலையாசிங்கே இல்லாத பழைய விதிப்படி பார்த்தால் நிலை இன்னும் மோசம். நான்கு பிக்சல்களின் நடுப்பகுதியும் வட்டத்துக்கு வெளியே நிற்கும். புள்ளி அறவே மறையும். இப்படி விடுபடுவதைப் பிடித்து நிறுத்த ட்ரூடைப்பில் தனி விதியே உண்டு.

கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து வைக்கும் இன்றைய வழக்கத்தில் சிக்கல் கூடுகிறது. திரைக்குத் தரும் எண்ணும் அது தரும் வெளிச்சமும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. முழு வெளிச்சத்துக்கு 255 என்றால், 128 கொடுத்தால் வருவது பாதி வெளிச்சம் அன்று. ஏறத்தாழ 22 விழுக்காடுதான். இதை ஈடுகட்டாத மென்பொருளில், 32 விழுக்காடு மூடிய பிக்சலுக்கு வெள்ளை எழுத்தில் கிடைக்கும் வெளிச்சம் 8 விழுக்காடு அளவே. வெள்ளைத் தாளில் மங்கலாகவாவது நின்ற புள்ளி, கறுப்புத் தாளில் கரைந்துவிடும். கண்ணுக்கு இதம் என்று இரவில் திரையைக் கறுப்பாக்கிப் படிப்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

புள்ளியை மட்டும் சொல்லவில்லை. தமிழில் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரிக்கும் அடையாளங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ‘க’வுக்கும் ‘க்’குக்கும் வேறுபாடு தலைக்கு மேல். ‘கி’க்கும் ‘கீ’க்கும் வேறுபாடு விலங்கின் உச்சியிலுள்ள சிறு சுழி. ‘கெடு’வையும் ‘கேடு’வையும் பிரிப்பது கொம்பின் மேற்பகுதி. ‘கு’வையும் ‘கூ’வையும் பிரிப்பது அடிப்பகுதியின் வால். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் அகலத்தால் வேறுபடுகின்றன, இப்படிப் பக்கவாட்டில் வேறுபடுபவை சிலவே. தமிழில் பொருள் பெரும்பாலும் எழுத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தங்கியிருக்கிறது.

இப்போது கிளியர்டைப்பை நினைத்துப் பாருங்கள். அது மும்மடங்காக்கியது கிடைமட்டத் துல்லியத்தை. செங்குத்துத் தண்டுகள் நிறைந்த ஆங்கிலத்துக்கு அது பெரிய வரம். நம் ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும்கூட நன்மைதான். ஆனால் தொடக்கக்கால கிளியர்டைப்பில் மேலிருந்து கீழான திசையில் எந்த மென்மையாக்கமும் இல்லை. 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த டைரக்ட்ரைட் போன்ற பின்னாளைய முறைகளே அந்தத் திசையையும் கவனித்தன. அதுவரை நமக்கு வேண்டிய திசையில் உதவி வரவில்லை. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆங்கிலம் படிக்கும் கண்ணை வைத்துச் சொன்ன தீர்ப்பு, ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்தது.

தமிழ் எழுத்து, எழுதும் பரப்போடு இப்படி மோதுவது முதல் முறையன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று விதித்த தொல்காப்பியத்தையே புள்ளியில்லாமல்தான் ஓலையில் எழுதினார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஒகரக் குறிலுக்கும் அக்காலத்தில் புள்ளிதான் அடையாளம். ஓலையில் அது விடுபட்டதால் குறிலா நெடிலா என்று படிப்பவர்கள் தடுமாறினார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்ன செய்தார்? ‘புள்ளியை அழுத்தி வையுங்கள்’ என்று அறிவுரை சொல்லவில்லை. ஓலை தாங்காத இடத்திலிருந்த வேறுபாட்டைப் பெயர்த்து, ஓலை தாங்கும் இடத்துக்கு, கொம்பின் வடிவத்துக்கு, மாற்றினார். பரப்பை அறிந்து எழுத்துக்குச் சொன்ன தீர்ப்பு அது. ஹிண்டிங் எழுதுகிறவரின் மனமும் இதுவேதான் என்பது என் துணிபு.

6. துல்லியம் பெருகிவிட்டதே என்பவர்களுக்கு

"இதெல்லாம் பழங்கதை, என் கைப்பேசியில் எழுத்து அச்சைவிட அழகாக இருக்கிறதே" என்று மாணவர்கள் கேட்கலாம். உண்மைதான். 2010இல் வந்த ஐஃபோன் 4இன் திரையில் ஓர் அங்குலத்துக்கு 326 பிக்சல். 10 புள்ளியளவு எழுத்துக்கு 45 பிக்சல் கிடைக்கிறது. நாம் கணக்குப் போட்ட புள்ளியின் விட்டம் அங்கே நான்கு பிக்சலைத் தாண்டும்; எங்கே விழுந்தாலும் நடு கறுத்தே இருக்கும். வண்ணப் பட்டை முறை கைப்பேசியில் வேரூன்றவும் இல்லை. கையில் பிடித்த திரையைத் திருப்பினால் பட்டைகளின் திசை மாறிவிடும். ஓஎல்இடி திரைகள் பலவற்றில் பட்டைகளின் அடுக்கே வேறு. ஆப்பிள் 2018இல் மொஹாவே பதிப்பிலிருந்து தன் கணினிகளிலும் இயல்பாக அதைக் கைவிட்டது.

ஆனால் தமிழ் படிக்கப்படும் திரைகள் எல்லாம் அத்தகையவை அல்ல. 15.6 அங்குல மடிக்கணினியில் 1366க்கு 768 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 100தான். நான் மெய்ப்புப் பார்த்த திரை அப்படிப்பட்டது. இத்துறையின் ஆய்வறையில் இருக்கும் கணினிகளைப் பேச்சுக்கு முன் பார்த்தேன், அவையும் அவ்வாறே. உயர்ந்த திரை வாங்க முடிந்தவருக்குத் தெளிவு திரையிலிருந்து கிடைத்துவிடுகிறது. வாங்க முடியாதவருக்கு அது எழுத்துருவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஹிண்டிங் தேவையில்லை என்று சொல்லும்போது யாருக்குத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கம் வேலை நடக்காமலும் இல்லை. விண்டோஸ் 2000உடன் லதா வந்தது; விண்டோஸ் 8உடன் நிர்மலா யுஐ வந்தது. மேக்கில் இடம்பெற்ற இணைமதியை வடிவமைத்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். தமிழ் அறிந்த ஒருவரின் தீர்ப்பு உலகெங்கும் விற்கும் கணினிக்குள் இடம்பெற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள்.

எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கு: புள்ளியைத் தலைப்பு அளவில் அழகு பார்த்து முடிவு செய்யாதீர்கள். 12, 13, 14 பிக்சலில் அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். கட்டளை எழுத ஆளில்லையென்றால் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சற்று விலக்கியாவது வையுங்கள்.

பதிப்பாளர்களுக்கும் மெய்ப்பர்களுக்கும்: திரையில் மெய்ப்புப் பார்ப்பதானால் பக்கத்தை இருமடங்காவது பெரிதாக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, பலனை அனுபவித்தேன்.

தமிழ்த்துறைக்கு: எந்த எழுத்து எதனோடு மயங்கும், எந்த வேறுபாடு போனால் பொருள் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த மயக்கச் சொற்களைப் பட்டியலிட்டு எழுத்துரு செய்பவர்களிடம் கொடுங்கள். ஹிண்டிங் எழுதத் தெரிந்த பொறியாளருக்கு ‘கெடு’வும் ‘கேடு’ம் வேறு என்று சொல்ல ஒரு தமிழாசிரியர் வேண்டும். இது தமிழ்த்துறையில் பேச வேண்டிய பொருளா என்று தயங்கிய நண்பருக்கும் இதுவே என் விடை.

அதுவரை ஒரு சிறு சோதனை போதும். புதிய எழுத்துரு எது கைக்கு வந்தாலும், அதில் ‘கல்வி’ என்று 13 பிக்சல் அளவில் எழுதிப் பாருங்கள். வெள்ளையில் கறுப்பாக ஒருமுறை, கறுப்பில் வெள்ளையாக ஒருமுறை. இரண்டிலும் புள்ளி தெரிந்தால் அந்த எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். தெரியாவிட்டால் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள்.